மாற்றிப் பூட்டிய கெப்பாசிட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? கட்டாரில் நான் சுகம்.

பலர் சேர்ந்து இணையத்தில் எழுதும் இலத்திரனியல் பாடநூலில் நான் பிழை திருத்துகிறேன். கெப்பாசிட்டர் பாடத்தின் கீழே எழுதியவராக உங்கள் தேயிலை ஃபெக்டரி இன்ஜினியரின் பெயர் இருந்தது. கெப்பாசிட்டரைத் தானே தலைகீழாக மாற்றிப் பூட்டி மெஷினை எரித்துவிட்டு, "கணபதிதான் செஞ்சான்" என்று உங்களை வேலையிலிருந்து துரத்தியவர். படத்திலும் பிளஸ், மைனஸை மாற்றியே வரைந்திருந்தார்.

திருத்தினேன். அவர் அதை அழித்துவிட்டு, "நீங்க யாரு?" என்று கேட்டார். "இப்படிப் பூட்டித்தான் நீங்க மெஷின எரிச்சீங்க. நான் கணபதியோட மகள்" என்று எல்லோரும் பார்க்க எழுதினேன்.

இப்போது மன்னிப்புக் கேட்கிறார். நம் ஊர் கலஹாவுக்குப் போய் உங்களிடம் கேட்கச் சொன்னேன்.

வீட்டு மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடும்போது அதுவாவது இருக்கட்டும்.

வேலைக்கு பஸ் வந்துவிட்டது. அவர் வந்தால் உட்காரக் கதிரை போடாதீர்கள்.

உங்கள் மகள்,
சுபாஜினி