நெய்னாவின் இடது கண்

கொற்கை விண்கலம், மருத்துவப் பதிவேடு
எழுதுபவர்: டாக்டர் பெனடிக்டா மோத்தா, கண் மருத்துவர்

பயண நாள் 204, 07:10

செவ்வாயிலிருந்து திரும்பும் வழி. கலத்தில் இரண்டே பேர், நானும் பைலட் நெய்னா முகம்மதுவும். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. என் தலைவலி வழக்கம்போல.

கண் அறுவைக் கருவிகளைத் துடைத்து வைத்தேன். எல்லாம் கையில் பிடித்துச் செய்யும் சின்னக் கருவிகள்: வைரக் கத்தி, இரண்டு ஃபோர்செப்ஸ் இடுக்கிகள், கம்பி வளையம், கத்தரி, ஊசிப்பிடி. கலத்தை வடிவமைத்த புண்ணியவான்கள் இவை மிதக்காமல் இருக்கக் காந்தத் தட்டு ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பசைத்துணியில் அழுத்தி வைத்திருக்கிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன் நெய்னா வெளியே ஆண்டெனா பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது சூரியப் புயல் அடித்தது. கலத்தை நிலையத்தோடு தானாக இணைக்கும் கணினி கருகிப்போயிற்று. வெளியிலிருந்து கலத்தை ஓட்டும் வசதியும் அதோடு போயிற்று. நாள் 213 அன்று சந்திர நிலையத்தோடு அவன்தான் கண்ணால் பார்த்து, கையால் ஓட்டி இணைக்க வேண்டும். எரிபொருள் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் வரும். தவறினால் நிலையத்தைக் கடந்து போய்க்கொண்டே இருப்போம்.

வாராந்திரக் கண் சோதனை: கடைசி வரிவரை வாசித்தான். இரண்டு கண்ணும் நன்று.

நாள் 205, 18:30

மேலே எழுதியது தவறு.

சாப்பிடும்போது மிதந்த கரண்டியைப் பிடிக்கக் கை நீட்டினான். கை ஒரு சாண் தள்ளிப் போயிற்று. எனக்குச் சுருக்கென்றது. எழுத்து அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டி, வாசி என்றேன். அதே எழுத்துகளை அதே வரிசையில் மளமளவென்று ஒப்பித்தான். அட்டையை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான்.

அறைப் பதிவிலிருந்து:

நெய்னா: "கோவிச்சுக்காதீங்க லாத்தா. சொன்னா தரைநிலையத்துல பதறிருவாங்க."

நான்: "அவங்க பதறட்டும். எங்கிட்ட எதுக்குல மறைச்ச?"

நெய்னா: "நீங்களும் பயந்துருவீங்கள்ல."

அவன் காயல்பட்டினத்துக்காரன். அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். எனக்குத் தூத்துக்குடி. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ் தூரம். ஆனால் இந்தப் பயல் இவ்வளவு அழுத்தக்காரன் என்று இத்தனை மாதம் எனக்குத் தெரியவில்லை.

நுண்ணோக்கியில் பார்த்தேன். புயல் வலப்பக்கமிருந்து அடித்திருக்கிறது. வலது கண்ணில் நரம்பே போய்விட்டது, அதில் கத்தி வைத்துப் பயனில்லை. இடது கண்ணில் நரம்பு பிழைத்திருக்கிறது, லென்ஸ் மட்டும் வெளுத்துவிட்டது. கண்புரை. இரண்டு மீட்டருக்கு அப்பால் விரல்களை எண்ண முடியவில்லை. அவனுக்கு இனி உள்ளது இந்த ஒரு கண்தான். எங்கள் இருவருக்குமே அதுதான்.

நாள் 206, 11:00

ஓட்டும் பயிற்சித் திரையில் நானே உட்கார்ந்து பார்த்தேன். நான்கு முறையும் நிலையத்தை இடித்து நொறுக்கினேன். நான்காவது முறை வேகம் குறைந்திருந்தது என்று நெய்னா பாராட்டினான்.

தரைநிலையம் அறுவைக்கு ஒப்புதல் தந்தது. கூடவே ஒரு குரல். பதினாறு வருடமாக என் ஆபரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர் ஜெபக்கனி.

"டாக்டரே, பெட்டிய நாந்தான் அடுக்கினேன். எடமிருந்து வலமா நம்ம வரிசதான். ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. நீங்க கண்ண எடுக்காம கைய நீட்டுவீங்க. வேல முடிஞ்ச கருவிய பாக்காமலே விட்டுருவீங்க. இங்க நான் பிடிச்சிருவேன். அங்க நான் இல்ல. பாத்துக்கிடுங்க."

கோபம் வந்தது. எனக்குப் பாடமா என்று முணுமுணுத்துக்கொண்டே இருமுறை கேட்டேன். எங்கள் தியேட்டரில் யாரும் பேச மாட்டோம். மணிக்கட்டு திரும்பும் விதத்தைப் பார்த்தே அடுத்த கருவி உள்ளங்கைக்கு வந்துவிடும். அந்த மௌனத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாள் 207, 20:15

கருவி எடுத்துத் தர ஆள் இல்லை. தானே தருவதாக நோயாளி சொல்கிறான்.

முதலில் திட்டினேன். பிறகு யோசித்தேன். கண்ணை மட்டும்தான் மரத்துப்போகச் செய்கிறேன், ஆள் விழித்துத்தான் இருப்பான். கைகளுக்கு உறை போட்டு, நெஞ்சின்மேல் கருவித் துணியை விரித்தால் அவன் தடவியே எடுத்துக் கொடுக்கலாம். ஒரு மணி நேரத்தில் பிடிகளைத் தொட்டே ஒவ்வொன்றையும் சொல்லப் பழகிவிட்டான். நாங்கள் வளர்க்கும் தக்காளிகளின் தோலை உரித்து ஒத்திகை பார்த்தோம். வைரக் கத்தி உறைக்குள் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒத்திகைக்கு உபரி எஃகுக் கத்தியை எடுத்துக்கொண்டேன்.

ஒரே தகராறு பேச்சு விஷயத்தில். பைலட்கள் விசையைக் கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்றுவார்களாம். கொடுப்பவர் "உங்ககிட்ட" என்பார், வாங்குபவர் "எங்கிட்ட" என்பார்.

நெய்னா: "சொல்லாமக் குடுத்தா நான் கைய மூட மாட்டேன் லாத்தா. ரெண்டு பேர் ஒரே விசையப் பிடிச்சா கலம் போயிரும்னு அடிச்சு அடிச்சுப் பழக்கிருக்காங்க."

சரி என்றேன். ஒத்திகையில் ஒரு முறைகூட மறக்கவில்லை.

நாள் 208, 09:00 (குரல் பதிவு)

கால்களைப் பட்டையால் கட்டிக்கொண்டேன். நெய்னாவைக் கட்டியாயிற்று. மருந்து ஏறிவிட்டது, அரைமணி தாங்கும். இமைக்குக் கிளிப் போட்டாயிற்று. நுண்ணோக்கி தெளிவு.

09:06

உப்புநீர் வழியவில்லை. கண்ணின்மேல் குமிழாக உட்கார்ந்துகொள்கிறது. பஞ்சால் ஒற்றுகிறேன். வைரக் கத்தி. "எங்கிட்ட." முதல் கீறல், சின்னது. நன்று.

09:08

கண்ணுக்குள்ளிருந்து நீர் கசிகிறது. கருவிழி தொய்கிறது. ஃபோர்செப்ஸ், சீக்கிரம்...

09:09

நெய்னா: "லாத்தா, கத்தியக் குடுத்துட்டீங்களா?"

09:10

கத்தி இல்லை. அவன் கையில் இல்லை. என் கையில் இல்லை. துணியில் இல்லை.

09:12

லென்ஸின் மேல்தோலைக் கிழித்தாயிற்று. கீறலை அகலமாக்காமல் லென்ஸ் வெளியே வராது. அகலமாக்கக் கத்தி இல்லை. எஃகுக் கத்தி இருக்கிறது, தக்காளி அறுத்தது. அதைக் கிருமி நீக்கும் கொதிகலனில் போட்டு எடுக்க நாற்பது நிமிடம். மருந்து அதுவரை தாங்காது. இந்தக் கண்ணும் தாங்காது.

ஸ்பிரிட்டில் முக்குகிறேன். மாதாவே.

நாள் 208, 13:40

முடிந்தது. லென்ஸ் முழுதாக வெளியே வந்தது, துவரம்பருப்பு அளவில். மூன்று தையல்.

நடந்ததை எழுதுகிறேன். கீறலிலிருந்து நீர் கசிந்ததும் என் கண் நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை. கை தானாக நீண்டது. கத்தியை அவன் உள்ளங்கையில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டேன். அவன் "உங்ககிட்ட" என்ற சொல்லுக்காகக் கையை விரித்தபடியே காத்திருந்தான். கத்தி மிதந்து போய்விட்டது. அவன்மேல் தவறில்லை. ஜெபக்கனி இருந்திருந்தால் பிடித்திருப்பாள்.

கத்தியைக் காற்று வடிகட்டியில் கண்டெடுத்தேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பசைத்துணியில் ஓங்கி அழுத்தினேன்.

நாள் 209, 08:00

கட்டைப் பிரித்தேன். கலத்தில் செயற்கை லென்ஸ் கிடையாது. கண்ணாடிக் கடையில் மூக்கில் மாட்டிவிடும் வட்டச் சட்டம் ஒன்று என்னிடம் உண்டு. அதில் தடித்த கண்ணாடியைச் செருகி மாட்டினேன்.

நெய்னா: "லாத்தா, உங்களுக்கு இம்புட்டு நரையா?"

சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். எனக்கு வழக்கமில்லாத காரியம். அவன் தண்ணீர் கேட்டான்.

தடித்த கண்ணாடியில் எல்லாம் பெரிதாக, அருகில் இருப்பதாகத் தெரியும். பயிற்சித் திரையில் முதல் மூன்று தடவை நிலையத்துக்கு எட்டாமலே பிரேக் போட்டுவிட்டான். மாலைக்குள் பழகிக்கொண்டான். கடைசி ஐந்து முறையும் பிசகவில்லை.

நாள் 212, 21:50

கண் லேசாகச் சிவந்திருக்கிறது. வலி இல்லை என்கிறான். அவன் சொல்வதை நான் நம்புவதில்லை.

நாள் 213, 04:20

சீழ்.

பூமியில் கண்ணுக்குள் சீழ் பிடித்தால் அடியில் வெள்ளைக் கோடாகப் படியும். முதல் வருட மாணவன்கூடச் சொல்லிவிடுவான். இங்கே எதற்கும் எடை இல்லை, படிய வழியில்லை. மெல்லிய புகையாகக் கண் முழுக்கப் பரவி நிற்கிறது. நேற்றே இருந்திருக்கும். கோட்டைத் தேடிக்கொண்டிருந்த எனக்குப் புகை தெரியவில்லை.

தக்காளி அறுத்த கத்தியின் வேலை. என் வேலை.

கண்ணுக்குள் மருந்து ஊசி போட வேண்டும். இப்போதே போட்டால் கண் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் போட்டால் ஒரு நாள் முழுக்கப் பார்வை கலங்கிவிடும். நிலையத்தை ஒன்பது மணி நேரத்தில் கடக்கிறோம். ஒன்பது மணி நேரம் தள்ளிப்போட்டால் கண் பெரும்பாலும் போய்விடும்.

05:05

தரைநிலையம்: "டாக்டர், இந்த முடிவ இங்கிருந்து எடுக்க முடியாது. நீங்கதான் எடுக்கணும்."

ஜெபக்கனி: "அவருகிட்ட சொல்லிருங்க டாக்டரே. அவரு கண்ணுல்லா."

05:30

அவள் சொல்வது நியாயம். சொன்னால் அவன் என்ன சொல்வான் என்பதும் எனக்குத் தெரியும். ஓட்டுகிறேன் என்பான். ஆனால் ஒவ்வொரு மீட்டருக்கும் தன் கண்ணைப் பற்றி நினைப்பான். அவன் கை ஒரு முறை தடுமாறினால் இருவரும் போனோம். என் கை தடுமாறியது போதும்.

சொல்லவில்லை. சொட்டு மருந்து மட்டும் விட்டேன். "சரியா இருக்கா?" என்றான். "இருக்கு" என்றேன். இதைப் படிப்பவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். நான் என் உயிருக்கும் பயந்துதான் சொல்லாமல் விட்டேன்.

12:48

நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது. அவனுக்கும் தெரிகிறது. எண்ணூறு மீட்டர்.

13:02

நெய்னா: "முந்நூறு. வேகம் சரி. லாத்தா, கண்ணாடில ஆவி படிஞ்சிருக்கு, தொடச்சு விடுங்க."

கழற்றித் துடைத்து மாட்டினேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

13:07

நெய்னா: "நூத்தி இருவது. இன்னொரு தடவ தொடைங்க."

துடைத்தேன்.

13:10

ஐம்பது. நிலையக் கதவிலுள்ள இலக்குச் சிலுவையின் ஓரங்கள் கரைகின்றன என்கிறான். நான் திரையைப் பார்த்து இடம் வலம் சொல்லத் தொடங்கினேன். நான் சொல்வதற்குள்ளேயே அவன் கை திருப்பிவிடுகிறது. வேர்த்துக் கொட்டுகிறது, இருவருக்கும். மறுபடி துடைக்கச் சொன்னான். துடைத்

13:14

இடித்தது. லேசாக. எங்கும் ஓட்டை இல்லை. இணைப்புக் கொக்கிகள் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிழைத்துவிட்டோம்.

நெய்னா: "விழுந்துச்சு லாத்தா. ஆறும் விழுந்துச்சு, எண்ணினேன். பச்ச வெளக்கு எரியுதா?"

விளக்கு அவன் மூக்குக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. உள்ளங்கை அகலம். அதன் பச்சை அவன் முகமெல்லாம் விழுந்திருக்கிறது.

13:16

அந்தப் பக்கத்திலிருந்து கதவைத் தட்டுகிறார்கள். மருந்து ஊசியை எடுத்துத் தயாராக வைத்துவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். இரண்டாம் தடவையாகக் கேட்கிறான்.

நெய்னா: "சொல்லுங்க லாத்தா. எரியுதா?"