அருவிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்

நாள் 211 – 07:00
முகில் கோள், தரைமுகாம். எழுதுபவர் வேம்பு, நீரியல் ஆய்வாளர். முகாமில் நான் ஒருத்திதான் மிச்சம். வெப்பம் 29 பாகை. மழை இல்லை, 211 நாளில் ஒரு துளி இல்லை. முகில் என்று பெயர் வைத்தவர் இறங்கி வந்து பார்க்கவில்லை.

ஒன்பதாவது ஆழ்துளைக் கிணறும் தேறவில்லை. அதிலும் வெள்ளுப்பு. முகாம் இருக்கும் இந்தப் பள்ளத்து மண் முழுவதும் இந்த நஞ்சுதான். முதல் கிணற்றில் என் கூட்டாளி பொன்னுலிங்கம் ஒரு குவளை குடித்தார். ஒன்றரை மணி நேரத்தில் இறந்தார்.

மேலே சுற்றும் கப்பலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் உறைதூக்கத்தில் இருக்கிறார்கள். கேப்டன் இருதயராஜின் உத்தரவு: நாளை மாலை 18:30க்கு மீட்புக்கலம் முகாமின் இறங்குதளத்தில் என்னை ஏற்றிக்கொள்ளும். வேறெங்கும் அதனால் இறங்க முடியாது. பிறகு கப்பல் அடுத்த கோளுக்குக் கிளம்பும். எண்பத்தெட்டு ஆண்டுப் பயணம். இன்னொரு முறை உறைந்தால் ஐந்தில் ஒருவர் எழமாட்டார் என்கிறார் மருத்துவர்.

நாள் 211 – 08:15
ஆளில்லா விமானம் காட்டில் விழுவதற்கு முன் அனுப்பிய கடைசிப் படம்: கிழக்கே செங்குத்துப் பாறையில் ஒரு வெள்ளைக் கோடு. அருவி. மேட்டில் எப்போதும் மேகம் நிற்கிறது. பள்ளத்து மண்ணைத் தொடாத நீர். பதின்மூன்று கிலோமீட்டர் காடு, ஆயிரத்து நூறு மீட்டர் ஏற்றம்.

கேப்டனிடம் சொன்னேன்.
"அனுமதி இல்லாம முகாம் வேலியத் தாண்டக் கூடாதுன்னு விதி இருக்கு. ஒங்களுக்கு முழங்கால் வேற சரியில்ல. பேசாம கெளம்புற வேலையப் பாருங்கம்மா."
"கெளம்புற வேலையத்தான் பாக்குறேன் கேப்டன். அருவிக்கு."

நாள் 211 – 16:00
திட்டம். வெளிச்சம் 05:10 முதல் 19:00 வரை. இருட்டியதும் மரங்கள் கனத்த நச்சுப்புகை விடும். முகமூடி மூன்று மணி நேரம் தாங்கும். இரவோ பத்து மணி நேரம். போக ஆறரை மணி, வர ஐந்தரை. 12:30க்கு எந்த இடத்தில் நின்றாலும் திரும்பிவிட வேண்டும். இதை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சுமை ஒன்பது கிலோ. தண்ணீர் நான்கு லிட்டர், சத்துக்கட்டி ஆறு, நீர்ப் பரிசோதனைக் கருவி, நாடியை ரேடியோ வழியாகக் கப்பலுக்கு அனுப்பும் கைப்பட்டை. காலுக்கு இரட்டைக் காலுறை. போன மாதம் ஒற்றையில் நடந்து குதிகால் தோல் உரிந்தது. காட்டுக்குள் ரேடியோ எடுக்காது. வெட்டவெளியில்தான் பேச முடியும்.

நாள் 212 – 05:20
புறப்பட்டேன். வேலிக்கதவின் பூட்டை உடைத்தேன். பழுதுக்கு நானே பொறுப்பு.

நாள் 212 – 09:40
ஏழு கிலோமீட்டர். எட்டரை ஆகியிருக்க வேண்டும். வேர்கள் முழங்கால் உயரம். ஒவ்வொன்றையும் ஏறிக் கடக்க வேண்டியிருக்கிறது. ஓடையில் வழுக்கி விழுந்தேன். கருவி நனைந்துவிட்டது. முழங்கால் வீங்குகிறது. கட்டுப் போட்டாயிற்று.

நாள் 212 – 12:30
பதினோரு கிலோமீட்டர். திரும்ப வேண்டிய நேரம்.

சத்தம் கேட்கிறது. தண்ணீர் விழும் சத்தம். திரும்பவில்லை.

நாள் 212 – 14:50
வந்துவிட்டேன். நாற்பது ஆள் உயரம். கீழே வெறும் பாறை. ரேடியோ எடுக்கிறது. கருவி காட்டும் வெள்ளுப்பு: பூஜ்யம். கருவி நனைந்ததையும் சேர்த்துக் கேப்டனிடம் சொன்னேன்.

"தண்ணில விழுந்த கருவிய நம்பி நானூறு பேர எறக்க முடியாதும்மா."
"என்னைய நம்புவீங்களா?"
ஒரு லிட்டர் குடித்தேன்.
"குடிச்சிட்டேன். ரெண்டு மணி நேரம் என் நாடியப் பாருங்க."
"ஐயோ, வேம்பு! இப்பவே நடங்க. கலம் போனாலும் போகட்டும். முகமூடியோட முகாமுக்காவது போய்ச் சேர்ந்துருவீங்க."
"மரத்தடிக்குப் போனா நாடி ஒங்களுக்குத் தெரியாது. ஆறரைக்குக் கப்பல எடுத்துட்டுப் போயிருவீங்க. நான் நகர மாட்டேன்."

நாள் 212 – 15:50
நாடி 82. ஒன்றும் இல்லை.

நாள் 212 – 16:20
வயிற்றில் பிடிப்பு. பொன்னுலிங்கத்துக்கும் இப்படித்தான் தொடங்கியது. நாடி 110. கேப்டன் என் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். எழுத்து கோணுகிறது. என் கணிப்பு தப்பாக இருந்தாலும் வந்து பார்த்தது தப்பில்லை

நாள் 212 – 16:45
பெரிய ஏப்பம். பிடிப்பு விட்டது. வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் யாருக்கும் பிடிக்கும். கேப்டனிடம் ஏப்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

நாள் 212 – 17:10
"நாடி எழுவத்தாறு. எழுப்ப ஆரம்பிச்சிட்டோம் வேம்பு, மொத நாப்பது பேர. காலைல எறங்குறோம். ராத்திரிக்கு என்ன செய்வீங்க?"
"புகை கனமானது, பள்ளத்துலதான் தேங்கும். மேல ஏறுறேன்."
"அந்த முழங்கால வச்சிக்கிட்டா?"
"வேற கால் கைவசம் இல்ல கேப்டன்."

நாள் 212 – 18:55
பாறையில் மூன்றில் ஒரு பங்கு ஏறி, ஒரு விளிம்பில் நிற்கிறேன். புகை காட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் எழுகிறது. நினைத்ததைவிட வேகம். முகமூடி போட்டாயிற்று. முழங்கால் மடங்க மறுக்கிறது.

இதை எடுப்பவருக்கு: அருவிக்கு இடப்பக்கம் இறங்காதீர்கள், பாறை உதிர்கிறது. தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். இந்தக் கோளை விட்டுப் போகச் சொன்னால் போகாதீர்கள்.

புகை காலடிக்கு வந்துவிட்டது. குறிப்பேட்டை இந்தப் பிளவில் செருகிவிட்டுப் போகிறேன். ஏற இரண்டு கையும் வேண்டும்