ஜிமிக்கி நலமாக இருக்கிறாள்

செம்பாக்கம்
14 ஜனவரி 2024

அன்பின் சந்திரிகா அக்காவுக்கு,

தபஸ்ஸும் எழுதுவது. நானும் ஜிமிக்கியும் நலமாக இருக்கிறோம். ஓசூர்க் குளிரில் உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

‘போன்ல கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்லி வச்சிடறீங்க, அதனால மாசம் ஒரு கடிதம் மெயில்ல எழுதணும்’ என்று ஜிமிக்கியை என் கையில் கொடுத்த அன்று சொன்னீர்கள். ஐந்து வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறவில்லை. இந்த முறை பத்து நாள் தாமதம். திட்டிவிடாதீர்கள்.

மழைநீர்க் கால்வாய்க்கு என்று எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பலகையும் இல்லை, கயிறும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஜிமிக்கி திடீரென்று நின்றுவிட்டாள். நான் ‘போ’ என்றேன். அசையவில்லை. கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். என் முன்னால் வந்து குறுக்கே நின்றுகொண்டாள். ஒரு காலை நீட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கம் தரையே இல்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் மணி அடித்துக்கொண்டே சுற்றிப் போனார்.

நேற்று உமர் அண்ணன் வந்திருந்தார். பழைய பேச்சுதான். ‘அம்மாவும் போயாச்சு, இந்த வீட்ல தனியா என்ன பண்றே? பொழிச்சலூர் வந்துடு, உனக்குன்னு ரூம் இருக்கு’ என்றார். ‘அப்போ ஜிமிக்கி?’ என்றேன். ‘தொழற வீட்டுக்குள்ள நாய் எப்படிம்மா?’ என்றார். கண்ணுக்குப் பதிலாக வைத்திருக்கிற நாய் தப்பில்லை என்று எங்கள் பள்ளிவாசல் இமாமே சொல்லிவிட்டார். அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. பிரியாணியை என் தட்டில் போட்டுவிட்டு, ஜிமிக்கி இருந்த மூலைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒரு உதவி. நான் பிடித்து நடக்க அவள் உடம்பில் மாட்டுகிற ஹார்னஸின் மார்புப் பட்டி கடைசித் துளைக்கு வந்துவிட்டது. குளிர்காலத்தில் பருத்துவிட்டாள் போல. கொஞ்சம் நீளமான பட்டி ஒன்று அனுப்ப முடியுமா?

துஆக்களுடன்,
தபஸ்ஸும்


ஓசூர்
23 ஜனவரி 2024

அன்புள்ள தபஸ்ஸும்,

பட்டி தனிப் பார்சலில் வருகிறது. நீ ‘போ’ என்று சொல்லியும் அவள் நின்றாள் பார், அதுதான் பாடத்திலேயே கஷ்டமான பாடம். ஆறு மாதம் பிடித்தது அவளுக்கு. இங்கே பயிற்சியில் இருக்கிற நாலு குட்டிகளுக்கும் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை.

அது சரி, பருத்துவிட்டாள் என்கிறாயே, எங்கே? வயிறா, மார்பா? எடை எவ்வளவு? அவளுக்கு எட்டு வயது நெருங்குகிறது. அடுத்த மாதம் வருடாந்தரப் பரிசோதனை. டாக்டர் எழுதித் தரும் சீட்டை எனக்கு அனுப்பி வை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அவளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டி வரும். அடுத்த நாய்க்கு உடனே உத்தரவாதம் தர முடியாது. நாங்கள் வருஷத்துக்கு மூன்று நாய்களைத்தான் பழக்குகிறோம். காத்திருக்கிறவர்கள் இருபது பேர். மனதைத் தயார் செய்துகொள்.

சந்திரிகா


செம்பாக்கம்
5 மார்ச் 2024

அன்பின் அக்காவுக்கு,

பட்டி கிடைத்தது. சரியாக இருக்கிறது.

டாக்டரிடம் போய் வந்தோம். நன்றாக இருக்கிறாள் என்றார். சீட்டு எழுதித் தரவில்லை, அவசரத்தில் இருந்தார். எடை பார்க்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை.

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஜிமிக்கி கொஞ்சம் மெதுவாக நடக்கிறாள். எங்கள் ஷேர் ஆட்டோ ஏகநாதன் அண்ணனை உங்களுக்கு நினைவிருக்கும். மற்ற ஆட்டோக்கள் நாயைப் பார்த்துப் பறந்துவிடும்போது எங்களுக்கென்று நிற்கிறவர். ‘இன்னா மேடம், ஜிமிக்கி ஒரு மாரியா மூச்சு வாங்கிகினு கீது?’ என்றார். ‘உங்க வண்டி புகைதான் அண்ணா’ என்றேன். வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் என்னைப் புகார் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பாலிசிக்காரர்கள் போனில் கத்துவார்கள், நான் சமாதானம் சொல்ல வேண்டும். மேஜைக்கு அடியில் என் பாதத்தின் மேல் தலை வைத்து ஜிமிக்கி தூங்குவாள். யாராவது ரொம்பக் கத்தினால் காலை அசைத்து அவளைத் தொட்டுக்கொள்வேன். அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது. எனக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள்.

தபஸ்ஸும்


ஓசூர்
14 மார்ச் 2024

தபஸ்ஸும்,

முப்பது வருஷமாக நாய்களோடு இருக்கிறேன். நாய் பொய் சொல்லாது, அதனால் மனிதர்கள் சொல்லும்போது எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

டாக்டர் சீட்டு தரவில்லை, இயந்திரம் ஓடவில்லை. உன் முந்தைய கடிதங்களில் ஜிமிக்கி எதையாவது திருடித் தின்பாள், ஈரக் காலோடு உன் கட்டிலில் ஏறுவாள். இந்தக் கடிதத்தில் தூங்குகிறாள், மெதுவாக நடக்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு என்ன?

ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஹார்னஸைக் கழற்றி வை. நான் உன்னைத் தண்டிக்க மாட்டேன். நானே வந்து பார்த்திருப்பேன், ஆனால் முட்டி அறுவை முடிந்து மே கடைசிவரை எழுந்து நடக்கக்கூடாது என்கிறார்கள். அதனால் உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

சந்திரிகா


செம்பாக்கம்
2 ஏப்ரல் 2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் என்னை வருத்தியது. உங்களுக்கு அறுவை என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வயதில் என் பார்வை போனது. அதிலிருந்து ஜிமிக்கி வரும்வரை ஆறு வருஷம், கைத்தடியோடு தாம்பரம் போய்வர மூன்று முறை முயன்றேன். முதல் முறை சாக்கடை, இரண்டாவது முறை நிறுத்தி வைத்த லாரியின் பின்பலகை, நெற்றியில் ஏழு தையல். மூன்றாவது முறை கீழே விழவில்லை. ஒரு ஆள் ரோடு தாண்டிவிடுகிறேன் என்று கையைப் பிடித்தான், தாண்டிய பிறகும் விடவில்லை. அதற்குப் பிறகு அம்மா என்னை வெளியே அனுப்பவில்லை. குளிக்க, சாப்பிட, ரேடியோ கேட்க, தூங்க. ஜிமிக்கி வந்த பிறகுதான் எனக்கு வேலை, சம்பளம், கோபம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே போவது எல்லாம்.

ஹார்னஸைக் கழற்று என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். நான் எடுக்காவிட்டாலும் காலையில் அவளே அதை மாட்டியிருக்கிற ஆணிக்குக் கீழே போய் நிற்கிறாள்.

ஜிமிக்கி நலமாக இருக்கிறாள்.

தபஸ்ஸும்


செம்பாக்கம்
21 மே 2024

அக்கா,

ஜிமிக்கி நலமாக இல்லை. டிசம்பரிலிருந்து இல்லை.

முன்னங்காலுக்குப் பின்னால், மார்புப் பட்டி வருகிற இடத்தில், சீவிவிடும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கோலிக்குண்டு அளவு. பொங்கலுக்கு முன்பே டாக்டர் ஸ்ரீவத்சனிடம் காட்டினேன். கெட்ட கட்டி, உடனே எடுத்தால் பிழைப்பாள், ஆனால் இனி வேலைக்குக் கூட்டிப் போகக்கூடாது என்றார். ஜனவரி பத்தொன்பதாம் தேதி அறுவைக்கு நாள் கொடுத்தார். பதினெட்டாம் தேதி போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், பிறகு இன்னொரு மாதம். பட்டியை நீளமாகக் கேட்டது கட்டிக்கு இடம் விடுவதற்காகத்தான்.

நேற்று மாலை தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் வந்துகொண்டிருந்தோம். கூட்டம். கிழக்குப் பக்கப் படியில் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் நின்றாள். எனக்குப் படி இருக்கிறது என்று சொல்வதற்காக நிற்கிறாள் என்று நினைத்தேன். கடைசிப் படி முடிந்ததும் என்னைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் விழுந்தாள்.

ஏகநாதன் அண்ணன் ஓடி வந்தார். ‘எல்லாரும் எறங்குங்கப்பா, வண்டி போவாது’ என்று ஆட்களை இறக்கிவிட்டு அவளைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டார். வழியெல்லாம் ஹார்னை அடித்துக்கொண்டே ஓட்டினார்.

நுரையீரல் வரை பரவிவிட்டது. இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று என்கிறார் டாக்டர். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

தபஸ்ஸும்


ஓசூர்
25 மே 2024

தபஸ்ஸும்,

உன் கடிதத்தை நாலு நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதினாலும் பிறகு வருத்தப்படுவேன் என்பதால் வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

வலி மருந்தை நேரம் தவறாமல் கொடு. குழைந்த சோறும் கோழித் தண்ணீரும் போதும். தண்ணீர்ப் பாத்திரத்தைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வை. சிமெண்ட் தரையில் படுக்க விடாதே. ஹார்னஸ் அவள் கண்ணில் படக்கூடாது, பட்டால் எழுந்திருக்கப் பார்ப்பாள். நீ வெளியே கிளம்புகிற செருப்புச் சத்தமும் கேட்கக்கூடாது.

ஜூன் இரண்டாம் தேதி ரயிலில் வருகிறேன். என் முட்டி டாக்டர் வேண்டாம் என்கிறார், வருகிறேன்.

சந்திரிகா


செம்பாக்கம்
20 ஜூன் 2024

அன்பின் அக்காவுக்கு,

நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு என் வாசற்படி ஏறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் ‘ஏய் ஜிமிக்கி’ என்றதும் அவள் வால் பாயில் அடித்த சத்தமும். பத்து நாளாக அசையாத வால்.

மூன்று நாளும் நீங்கள் என்னோடு அதிகம் பேசவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. டாக்டர் ஊசி போட்டபோது அவள் தலையை உங்கள் மடியில் வைப்பீர்கள் என்று நினைத்தேன். என் மடிக்கு நகர்த்தினீர்கள். அவள் மூச்சு என் மணிக்கட்டில் பட்டுக்கொண்டே இருந்தது. பிறகு படவில்லை.

புதைப்பதைப் பார்க்க மனமில்லாமல் நீங்கள் அன்றே கிளம்பிப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். உங்களை ரயிலேற்றிவிட்டு ஏகநாதன் அண்ணன் குழி தோண்ட ஆள் தேடப் போனார். அதற்குள் உமர் அண்ணன் வந்துவிட்டார். என்னிடம் எதுவும் கேட்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு, கொல்லையில் மாமரத்துக்குப் பக்கத்தில் அவரே தோண்டினார். ஐந்து வருஷத்தில் அவளை ஒரு முறைகூடத் தொடாதவர், போர்வையோடு இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். ‘கனமாவே இல்லம்மா’ என்றார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டுத் தொழுதார். பெருநாளைக்குப் பொழிச்சலூர் போனேன். ஆஃபியா அண்ணி எனக்கென்று தயாராக வைத்திருந்த அறையைக் காட்டினார், அதாவது சுவர்களைத் தொட்டுப் பார்க்க வைத்தார். அன்று இரவே செம்பாக்கம் திரும்பிவிட்டேன்.

கைத்தடியோடு ஆபீஸ் போய் வருகிறேன்.

தபஸ்ஸும்


ஓசூர்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள தபஸ்ஸும்,

மூன்று மாதமாக எழுதவில்லை. கோபத்தால்தான். நீ ஆகஸ்டில் கால்வாய்க் குழியில் விழுந்து மணிக்கட்டு முறிந்ததை ஏகநாதன் போனில் சொன்னார். அப்போதும் எழுதவில்லை.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஏலக்கி என்று ஒரு பெண்குட்டி, ஒன்றரை வயது. அமைதியானவள், கூட்டத்துக்குப் பயப்பட மாட்டாள். அவளைக் கேட்டிருந்தவர் அமெரிக்காவுக்கு மகனோடு போய்விட்டார். ஜனவரியில் தயாராகிவிடுவாள். உன் பெயரைச் சொன்னேன். எங்கள் தலைவர் ஜெயகிருஷ்ணன் சார், ‘முடியவே முடியாது, ஒரு நாயைக் கொன்னவங்க’ என்றார். இரண்டு மணி நேரம் சண்டை போட்டேன்.

ஊசி போடும் நாள் காலையில் உன்னை ஒரு கேள்வி கேட்டேன், ஹார்னஸ் மாட்டும்போது வலியில் முனகினாளா என்று. இல்லை, கடைசிவரை காட்டவே இல்லை என்றாய். அதைத்தான் அவரிடம் சொன்னேன். பயந்துபோய் அறுவையைத் தள்ளிப்போட்டாள், தப்புதான். ஆனால் வலியில் இருக்கிற நாயை வேலை வாங்குகிறவள் இல்லை என்றேன். கடைசியில் சரி என்றார். எனக்கும் இந்த மூன்று மாதமாக அந்த ஒன்றுதான் ஆறுதல்.

சம்மதம் என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா,
சந்திரிகா


செம்பாக்கம்
18 செப்டம்பர் 2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டு, சம்மதம் என்று அன்றைக்கே எழுதினேன். அனுப்பவில்லை. ஒன்பது நாள் ஆகிறது.

முனகினாள், அக்கா.

பிப்ரவரியிலிருந்து. காலையில் ஹார்னஸை எடுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு வந்து தலையை நுழைப்பாள். மார்புப் பட்டியை இழுத்து க்ளிப்பில் மாட்டும்போது மட்டும் சின்னதாக ஒரு சத்தம். முதல் நாள் கழற்றிவிட்டு ஆபீசுக்கு லீவு சொன்னேன். மறுநாள் மாட்டினேன். ஏப்ரலில் சத்தம் பெரிதானது. பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் அக்கா ஜன்னல் வழியாக, ‘இன்னாம்மா, நாய் அழுவுது?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு தினமும் ஒரு கையால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் மாட்டினேன். பொத்திய உள்ளங்கையை அவள் நக்குவாள். மாட்டி முடித்ததும் கதவுப் பக்கம் போய் நிற்பாள்.

நீங்கள் கேட்டபோது அவள் என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டே இல்லை என்றேன்.

ஏலக்கியை வேறு யாருக்காவது கொடுங்கள். எனக்குக் கொடுத்தால், அவளுக்கு வயதாகும் நாளில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று எழுதத்தான் ஒன்பது நாளாகப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீஸில் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வண்டி கொண்டு வருகிறார். கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டுகிற கம்ப்யூட்டர் ஆபீஸ் கொடுத்தது, திருப்பிக் கொடுத்துவிடுவேன்; பொழிச்சலூரில் எனக்கென்று ஒன்று இருக்காது. இதற்கு நீங்கள் பதில் எழுத நினைத்தாலும் வேறு ஒருவர்தான் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் எழுத வேண்டாம்.

முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தபஸ்ஸும்