உங்களிடம் இருந்த பாதி

தாத்தா,

நேற்று மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டுப் பச்சைக் கராம்பின் வாசம் போகவில்லை. இன்று காலை கணினியின் முன் உட்கார்ந்து நாலு வரி தட்டுவதற்குள் விசைப்பலகைக்கும் அது ஏறிவிட்டது. உங்கள் விசைப்பலகை எப்போதும் இப்படித்தான் மணக்கும். "இது டைப் பண்றதுக்கா, குழம்புல போடுறதுக்கா?" என்று நான் கேட்பேன். நீங்கள் காது கேட்காதவர் போல உங்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்று என் கையிலிருந்தே அந்த வாசம் வருகிறது. கேலிக்கு ஆளாக நான் இருக்கிறேன், கேலி பண்ண நீங்கள் இல்லை.

உங்களைத் தாத்தா என்று கூப்பிட நான் பட்ட பாடு நினைவிருக்கிறதா? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர், மீசையும் வெற்றிலையுமாக இருப்பார். உங்கள் வீட்டில் அக்காவுக்கு அந்தப் பெயர். என்னைவிட மூன்றே வயது மூத்த ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட ஒரு மாதம் நாக்கு வளையவில்லை. நீங்கள் முதல் நாளே என்னைப் 'புள்ள' ஆக்கிவிட்டீர்கள். உங்களுக்கு எதற்கும் ஒத்திகை தேவைப்பட்டதில்லை.

மாத்தளையில் உங்கள் வாப்பாவின் கராம்புக் கடைக்குப் பின்னால் இருந்த அந்த அறையை நான் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வருவேன். முன்னால் வியாபாரிகள் சாக்கைத் தூக்கிக்கொண்டு சத்தம் போடுவார்கள். பின்னால், அடுப்பெரியும் குசினிப் பக்கமாக, ஒவ்வொருத்தராகப் பெண்கள் வருவார்கள். வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போய், போனபடி திரும்பி வராதவர்கள். அங்கே தங்களுக்கு என்ன நடந்தது என்பதை வீட்டிலே சொல்ல முடியாமல் உங்களிடம் சொல்ல வந்தவர்கள். நீங்கள் கேட்டு, அவர்கள் குரலைப் பதிவு செய்தீர்கள். சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் தட்டச்சு செய்துவந்த நான், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதைக் கேட்டுத் தட்டி, கோப்பாக்கித் தந்தேன். என்றைக்காவது ஒரு விசாரணை என்று வந்தால் இவை பேசும் என்றீர்கள். நானும் நம்பினேன்.

நீங்கள் யாரையும் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டதில்லை. பாயை விரித்து, பறித்து வந்த கராம்புக் கொத்துகளைக் கொட்டி, "இத கொஞ்சம் முறிச்சித் தாங்களே" என்பீர்கள். காம்பிலிருந்து மொட்டை முறித்து எடுக்கும் வேலை. தலையை நிமிர்த்தவே வேண்டாம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவும் வேண்டாம். கால் மணி நேரத்தில் பேச்சு தானாக வரும். எங்கேயாவது நின்றுபோனால் நீங்கள் எதுவும் கேட்க மாட்டீர்கள். இன்னொரு கை கொத்தை அள்ளி அவர்கள் பக்கம் தள்ளுவீர்கள், அவ்வளவுதான்.

அவர்கள் சொன்னவற்றில் பெயர்கள் இருந்தன. ஊரில் பெரிய மனிதர்களோடு போட்டோவில் நிற்கும் ஏஜென்டுகளின் பெயர்கள். மாமியார் காதுக்குப் போனால் வீட்டை விட்டே விரட்டும்படியான விஷயங்கள். அதனால்தான் அந்தக் கோப்புகளின் பூட்டு விஷயத்தில் நீங்கள் அவ்வளவு பாடுபட்டீர்கள். முதலில் ஒரு குறியாக்க மென்பொருள் வைத்திருந்தோம். இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள், அதைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள், அரசாங்கங்கள் நுழைய அதிலே ஒரு பின்கதவு இருக்கிறது என்று கதை கிளம்பியது. நான் சிரித்தேன். தோட்டத்து வரிசை வீடுகளில் நான் பிறந்த லயக் காம்பராவுக்கு முன்கதவு ஒன்றே ஒன்றுதான், கணினிக்கு எதற்குப் பின்கதவு என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

பிறகு பெரிய கம்பனி ஒன்றின் பொருளைப் பார்த்தோம். உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டமாட்டார்களாம், நம்பச் சொன்னார்கள். சாக்கின் அடிவரை கைவிட்டுப் பார்க்காமல் உங்கள் வாப்பா ஒரு கிலோ கராம்பும் வாங்கியதில்லை. நீங்கள் எப்படி வாங்குவீர்கள்? மூன்றாவதாக, எழுதிய நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று திறந்துவைத்திருந்த ஒன்றை நான் கண்டுபிடித்து ஓடி வந்தேன். நீங்கள் ஒரே கேள்வி கேட்டீர்கள்.

"ஆரும் வாசிக்கலாம் சரி. வாசிச்சது ஆரு புள்ள?"

அதற்குப் பதில் தேட இரண்டு ஞாயிறு ஆனது. அதைச் செய்தவர்களோடு சம்பந்தமே இல்லாத சிலர் வரிவரியாகப் பரிசோதித்து எழுதியிருந்த அறிக்கை கிடைத்தது. அதிலே குறைகள் ஒரு பட்டியலாக இருந்தன. இதைக் காட்டினால் இதையும் வேண்டாம் என்பீர்கள் என்று பயந்து பயந்துதான் காட்டினேன். நீங்கள் பட்டியலை விரல் வைத்து வாசித்தீர்கள். எந்தக் குறையைத் திருத்தினார்கள், எதை இன்னும் திருத்தவில்லை என்பதெல்லாம் அதைச் செய்தவர்களே போட்டிருந்தார்கள். முகம் மலர்ந்துபோயிற்று உங்களுக்கு. "குத்தத்த மறைக்காம செல்றானுகள். இதையே போடு" என்றீர்கள். குறையே இல்லை என்று சொன்னவர்களைத் தள்ளிவிட்டு, குறையைச் சொன்னவர்களை நீங்கள் நம்பினீர்கள். மனிதர்களிடமும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள், அதனால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கடவுச்சொல் யோசனை மட்டும் என்னுடையது. எங்கள் தோட்டத்துக் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி மேல்லயத்தில் இருக்கும், மற்றது கீழ்லயத்தில். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். உங்கள் பள்ளிவாசலிலும் அதே வழக்கம் என்றீர்கள். அப்படியே செய்தோம். முதல் பாதி என்னிடம், மற்ற பாதி உங்களிடம். ஒருத்தி தட்டும்போது மற்றவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். மூன்றாவது ஆளிடம் ஒரு பிரதி கொடுத்துவைக்கலாமே என்று நான் கேட்டதற்கு, அந்த ஆள்தான் பின்கதவு என்றுவிட்டீர்கள். காகிதத்தில் எழுதக்கூடாது. இன்னொரு சட்டமும் வைத்தீர்கள்.

"ஒன்னத் தெரிஞ்சவங்க யோசிச்சிப் பிடிக்கேலுமான ஒரு சொல்லும் போடாத. ஒனக்கு ஆசையான எதையும் போடாத."

சரி என்று தலையாட்டினேன்.

பொலிஸ் வந்தால் என்ன செய்வது, கணினி களவு போனால் என்ன செய்வது, நாம் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, எல்லாம் யோசித்தோம். சண்டைக்குக்கூட ஏற்பாடு இருந்தது. காய்ச்சலுக்கு இல்லை. டெங்கு என்றார்கள், ஐந்து நாள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உங்கள் தம்பி கட்டிலருகே நின்றார். என்னைப் பார்த்ததும் அவரை வெளியே போகச் சொன்னீர்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"மெஷின மூடினியா புள்ள?"

"மூடிட்டேன் தாத்தா."

அதன் பிறகு கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கேள் என்றுதான் பார்த்தீர்கள். எனக்கு அப்போதே புரிந்தது. உங்கள் பாதியைக் கேட்டால், நீங்கள் போகப்போகிறீர்கள் என்று நானே சொன்னதாகிவிடும். நான் போர்வையைச் சரிசெய்தேன். நாளைக்கு வருகிறேன் என்றேன். மறுநாள் நான் வந்து சேர்வதற்குள் உங்களை அடக்கத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

அது போன வருடம். அதற்குப் பிறகு அந்தக் கோப்புகள் திறக்கவே இல்லை.

போன மாதம் யட்டவத்தைப் பக்கத்திலிருந்து அந்த அக்கா வந்தார். பெயரை இங்கேயும் எழுதவில்லை, பயப்படாதீர்கள். மூன்று நாள் வந்து மூன்று நாளும் ஒரே இடத்தில் நின்றுபோனவர், நாலாம் நாள் முழுவதையும் சொன்னவர், அவர்தான். அவருடைய மகளுக்கு இப்போது இருபத்திரண்டு. அதே ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, அதே இனிப்பான பேச்சைப் பேசி, பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறான். மகளுக்கு அம்மாவின் கதை தெரியாது. தடுத்தால், வீட்டை முன்னேறவிடாமல் பிடித்துவைக்கிற அம்மா என்று சண்டை.

"அன்னைக்கு நான் சொன்னத அவளுக்குப் போட்டுக் காட்டுங்க தங்கச்சி. அதுக்குத்தான் வந்தேன். ரெண்டாவது தடவ என் வாயால சொல்ல முடியாதுங்க."

என்னிடம் பாதிதான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தேன். என் பாதியைத் தட்டி, பின்னால் உங்களுடையது என்று தோன்றுவதையெல்லாம் தட்டினேன். உங்கள் உம்மாவின் பெயர். நீங்கள் படித்த பள்ளிக்கூடம். வாப்பாவின் லொறி நம்பர். நீங்கள் விரும்பிச் சாப்பிடும் மாசிச் சம்பல். ஒவ்வொன்றுக்கும் கணினி பத்து நொடி யோசித்துவிட்டு, தவறு என்று சொல்லும். அந்தப் பத்து நொடியும் நீங்கள் உள்ளே எழுந்து நடந்து வருவதாகவே எனக்கு இருக்கும்.

கண்டிக்குப் போய், கெட்டுப்போன கணினிகளிலிருந்து கோப்புகளை மீட்கும் ஒருவரையும் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இதை உடைக்க ஏலாது மிஸ், கவர்ன்மென்டுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது என்று கதைக்கிறார்கள், அது வெறும் கதைதான் என்றார். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், என் மனதுக்குள் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தேன். அந்தக் கதை உண்மையாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன், தாத்தா. பின்கதவு இல்லாத ஒன்றைத் தேடி நீங்கள் சாப்பிடாமல் கிடந்தீர்கள். நானோ, எவனாவது ஒருவன் பின்கதவு வைத்திருக்கட்டும், அவன் எந்த அரசாங்கத்து ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் குரல் எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும் என்று அழுதுகொண்டு வந்தேன். அந்தப் பதிவில் நீங்களும் இருக்கிறீர்கள் அல்லவா, "முறிச்சித் தாங்களே" என்று. வீட்டுக்குப் பலாபத்வலையில் இறங்க வேண்டியவள், இரண்டு பஸ் ஹோல்ட் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்.

நடந்து வரும்போதுதான் யோசனை வந்தது. பதிவு போனால் போகட்டும், பாய் இருக்கிறதே.

உங்கள் தம்பியிடம் பச்சைக் கராம்பு கேட்டேன். எதற்கென்று கேட்காமல் ஒரு கூடை தந்தார், பின்னறையின் சாவியையும் தந்தார். நேற்று அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பாயில் கொட்டி, கொஞ்சம் முறித்துத் தாங்கள் என்றேன். உங்களைப் போல எனக்குச் சொல்ல வரவில்லை. மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். ஏஜென்ட் வந்த நாளிலிருந்து அந்த அக்கா ஆரம்பித்தார். அன்று நின்றுபோன அதே இடத்துக்கு வந்ததும், நேற்றும் நின்றுபோனார். எனக்கு அந்த இடம் தெரியும், நான் தட்டச்சு செய்தவள். அடுத்த வாக்கியம் என் வாயிலேயே இருந்தது. சொல்லவில்லை. ஒரு கை கொத்தை அள்ளி அவர் பக்கம் தள்ளினேன்.

சொன்னார், தாத்தா. முழுவதையும் சொன்னார்.

மகளின் கை எப்போதோ நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து அம்மாவின் மடியிலிருந்த காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். "நான் போகலம்மா" என்று மட்டும் சொன்னாள். இருவரும் குசினிப் பக்கமாகவே போனார்கள்.

அவர்கள் போன பிறகு நான் கணினியைத் திறந்தேன். இனி அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் திறந்தேன். உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசையான எதையும் போடாதே என்றீர்களே, அந்தச் சட்டத்தை நான் முதல் நாளே மீறிவிட்டேன். என் பாதி உங்களைப் பற்றிய ஒரு சொல். எட்டு வருடம் நீங்கள் சுவரைப் பார்த்து நிற்க, உங்கள் முதுகுக்குப் பின்னால் அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் வறுத்தெடுத்திருப்பீர்கள்.

அதனால்தான் எனக்கு ஒரு சபலம் வந்தது. ஒருவேளை நீங்களும் மீறியிருந்தால்? என் பாதியைத் தட்டி, அதன் பின்னால் என் பெயரைத் தட்டினேன். பிறகு 'புள்ள' என்று தட்டினேன். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் பத்து நொடி காத்திருந்தேன்.

திறக்கவில்லை. நீங்கள் சட்டத்தை மீறாதவர்.

கணினியை மூடிவிட்டேன், தாத்தா. என் பாதியை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.