காதர் பாயின் பல்

1931 ஜூலை 4, சனி

புழுக்கம். தோல் பதனிடும் ஷாப்புப் பக்கமிருந்து காற்று. காயப்போட்ட புடவையில்கூடச் சுண்ணாம்பு வாடை. நான்காம் வகுப்பு நோட்டுகள் திருத்த உட்கார்ந்தேன். பாதியில் போலீஸ்காரர். அண்ணன் பேரில் வாரண்டு.

வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போகவில்லையாம். உண்மைதான். போகவில்லை. கேஸ் முடிந்துவிட்டது என்றல்லவா இருந்தோம்!

போன மாதம் ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியருகே அண்ணனுக்கும் காதர் பாய்க்கும் சண்டை. இருவரும் ஒரே குழியில் வேலை, சிறுவயது தோஸ்த். எந்தத் தோலை யார் எடுக்க மறந்தது என்பதில் தொடங்கிய பேச்சு. அண்ணன் கை ஓங்கிவிட்டான். கா. பாய்க்கு முன்பல் போயிற்று. மேஸ்திரி போலீசுக்குச் சொல்லிவிட்டார். பிறகு பாய் வீட்டிலேயே விருந்து. இருவரும் ஒரே தாம்பாளத்தில் பிரியாணி சாப்பிட்டார்கள். இங்கே அப்படிச் சாப்பிட்டுவிட்டால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். அதற்குப்பின் யாரும் அதைப் பேசக்கூடாது. பேசவில்லை. கோர்ட்டுக்கும் போகவில்லை. அவரும் போகவில்லை, இவனும் போகவில்லை.

ஜாமீனுக்குப் பக்கத்து வீட்டார் கையெழுத்து. திங்களன்று வேலூர் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

அண்ணிக்கு எட்டாம் மாதம். அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். புடைத்த அரிசியையே மறுபடியும்.

ஜூலை 5, ஞாயிறு

வேதக் கோவிலில் பாதிரியார் பிரசங்கம் காதில் ஏறவில்லை. மத்தியானம் வக்கீல் குமாஸ்தாவைப் பார்க்கப் போனோம்.

“வெறும் அடின்னா நீங்களே ராஜி பண்ணி கேசை முடிச்சுக்கலாம்மா. பல்லு போனா அது கொடுங்காயம். ரெண்டு பேரும் ராஜின்னு சொன்னா மட்டும் பத்தாது, மாஜிஸ்திரேட்டு ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா ஜெயிலு.”

“வேற வழி?”

“குழி ஓரம் வழுக்கி விழுந்தேன்னு பாயைச் சொல்லச் சொல்லுங்க. பேஜாரே இல்ல.”

நான்தான் கேட்கப் போனேன். அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டான். கா. பாய் கயிற்றுக் கட்டிலில், ரொட்டியை டீயில் ஊறவைத்துக்கொண்டு. பேச்சில் இன்னும் காற்று போகிறது. கேட்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

“இன்னா டீச்சரம்மா, பிள்ளைங்களுக்கு இதையா சொல்லிக் குடுக்கறே? ஆணை வச்சிட்டுப் பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு வர்றேன். கேட்டதுக்கு உள்ளதைச் சொல்வேன்.”

அவர் மனைவி நூர் ஆபா வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தாள். “அழாதே. அந்த மனுஷனுக்குப் பல்லுதான் ஆடும், சொல்லு ஆடாது.”

சிரிப்பும் வரவில்லை. வீடு திரும்பி முழங்காலிட்டேன். என்ன வேண்டினேன் என்று எழுதவே கூசுகிறது. அவர் மனம் மாறிப் பொய் சொல்ல வேண்டும் என்று.

ஜூலை 6, திங்கள்

காலை ரயில். மேகமூட்டம், மழை இல்லை. மூவரும் ஒரே பெஞ்சியில். அண்ணனும் பாயும் வழிநெடுக வரப்போகும் ஆட்டுத்தோல் லோடைப் பற்றியே பேசினார்கள். ஆண்கள்!

படித்த கதைகளிலெல்லாம் கோர்ட்டு என்றால் வக்கீல்கள் முழங்குவார்கள். இங்கே மின்விசிறி இல்லாத அறை, கூரை மூலையில் புறாக்கூடு, இருமல் சத்தம். எங்கள் முறை வந்ததும் கதவோரம் நின்றுகொண்டேன். மாஜிஸ்திரேட் முதலில் கா. பாயைக் கேட்டார்.

“இவன் உன்னை அடிச்சானா?”

“அடிச்சான் எஜமான்.”

கண்ணை மூடிக்கொண்டேன்.

“அப்புறம் ஏன் ராஜி?”

“செத்துப்போன அவன் அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். என் அம்மாவை அவன் பேசியிருந்தா நானும் அடிச்சிருப்பேன்.”

இது எனக்குத் தெரியாது. அண்ணன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி என்பதால் எங்களிடமிருந்து மறைத்திருக்கிறான்.

“பல் போயிருக்கே.”

“இவனை உள்ள போட்டா முளைக்குமா எஜமான்?”

சிரிப்பு. டவாலிச் சேவகர் அதட்டினார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

“யாராச்சும் மிரட்டி ராஜிக்கு வர்றியா?”

“மிரட்டல. வழுக்கி விழுந்தேன்னு சொல்லச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்.”

“யார் சொன்னது?”

வக்கீல் குமாஸ்தா கூரைப் புறாவைப் பார்த்தார். கா. பாய் என் பக்கம் திரும்பவே இல்லை.

“வேண்டியவங்கதான் எஜமான். பயத்துல கேட்டாங்க. அதுக்கு மேல கேக்காதீங்க.”

மாஜிஸ்திரேட் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். ஆஸ்பத்திரிச் சான்று. “கையால் குத்தினதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். இதைத் தெரிஞ்சுக்கிட்டே விழுந்தேன்னு சொல்லியிருந்தா ராஜியும் கிடையாது, உன் பேர்லயும் கேஸ் போட்டிருப்பேன்.” பிறகு, “போன தேதிக்கு ஏன்யா ரெண்டு பேருமே வரல?”

அண்ணன் மெல்லச் சொன்னான்: “ஒரே தாம்பாளத்துல சாப்பிட்டுட்டோங்க. முடிஞ்சிடுச்சின்னு நெனச்சோம்.”

“நீங்க சாப்பிட்டது கோர்ட்டுக்கு எப்படிய்யா தெரியும்?” இப்போது அவரும் சிரித்துவிட்டார். எழுதினார். ராஜிக்கு அனுமதி. விடுதலை. ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் பாயிடம் போனேன். “மன்னிச்சிடுங்க” என்றேன்.

“எதுக்கு? நீ இன்னா கேட்டே, நான் இன்னா சொன்னேன், எனக்கு ஞாபகமே இல்ல. ரயிலுக்கு நேரமாச்சி, நட.”

ஸ்டேஷனில் அண்ணன் பன் வாங்கினான். பிய்த்து டீயில் நனைத்து நனைத்து அவரிடம் நீட்டினான். அவரும், “சக்கரை கம்மிடா” என்று திட்டியபடி வாங்கித் தின்றார்.

ஜூலை 7, செவ்வாய்

விடியற்காலை நல்ல மழை. சுண்ணாம்பு வாடை அடங்கியிருக்கிறது. அண்ணி தூங்குகிறாள், பல நாளுக்குப் பிறகு.

காலை ஜெபத்துக்கு முழங்காலிட்டேன். ஞாயிறன்று நான் கேட்டது கிடைத்திருந்தால் இன்று இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்திராது. கேட்டதைக் கொடுக்காமல் விட்டதற்கு நன்றி சொன்னேன். இப்படி ஒரு நன்றி சொல்வது இதுதான் முதல் முறை.

வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. குடை ரிப்பேர். பாய்க்குக் கஞ்சி கொடுத்தனுப்ப வேண்டும், நன்றாகக் குழைய வைத்து. அண்ணன் தானே கொண்டுபோகிறேன் என்கிறான். தட்டு ஒன்று போதுமாம்.