துரைக்குக் காய்ச்சல் இல்லை

அன்புள்ள குதிரைக்காரிக்கு,

உன் தையல்காரன் எழுதுவது. நானும் துரையும் சௌக்கியம். எங்கள் இருவரில் யாருடைய சௌக்கியம் உனக்கு முதலில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆகவே சொல்லிவிடுகிறேன்: உன் குதிரைக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. ரத்தப் பரிசோதனையும் சுத்தம். நாளைக்கு விமானம் ஏறுகிறான். கூட வருகிற பராமரிப்பாளரிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் துரையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய்.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்பதை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. நீ போட்டிக்காக வெளிநாடு கிளம்பிய வாரமே கால்நடை டாக்டரம்மா வந்து விதிகளைச் சொன்னார். வெளிநாட்டுக்குப் போகும் குதிரையைத் தனி லாயத்தில் வைக்க வேண்டும். பார்த்துக்கொள்கிற ஆள் வேறு எந்தக் குதிரையையும் தொடக்கூடாது; நோய் நம் கையோடும் செருப்போடும் போய்விடுமாம். நம் லாயக்காரத் தம்பி நாள் முழுக்க மற்ற குதிரைகளோடு புழங்குகிறவன், அவன் ஆகாது. குதிரை வாடையே படாத ஆள் யாராவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குதிரைக்குப் பயந்த மாப்பிள்ளை என்று நம் கல்யாணத்திலிருந்தே உன் அண்ணன் கேலி செய்வாரே, கடைசியில் அந்தப் பயம்தான் எனக்குத் தகுதியாக வந்து வாய்த்தது.

கடையைப் பூட்டிவிட்டு, தையல் மிஷினோடு லாயத்தை அடுத்த அறைக்கு வந்துவிட்டேன். உள்ளே போகத் தனி உடுப்பு, தனி பூட்ஸ். வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்காமல் நுழைய முடியாது. சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வருகிற உனக்கு இதைச் சொல்லிக்காட்டுவதில் எனக்கொரு திருப்தி.

காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். குதிரைக்குத் தெர்மாமீட்டரை எங்கே வைப்பார்கள் என்பதை நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓடிப்போயிருப்பேன். முதல் நாள் துரை கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். இப்போது இருவருக்கும் பழகிவிட்டது.

பொழுது சாய்ந்தால் பூச்சி கடித்து நோய் வராமல் இருக்க ஜன்னலுக்கெல்லாம் வலை வேண்டும் என்றார்கள். நானே தைத்து மாட்டினேன். டாக்டரம்மா இழுத்துப் பார்த்துவிட்டு, எங்க வீட்டுக் கொசுவலைகூட இவ்வளவு நல்லா இல்லீங்க என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாராட்டு தலைக்கேறி, விமானத்தில் குளிருமே என்று பஞ்சு வைத்துப் போர்வை ஒன்றும் தைத்தேன். மார்பில் பட்டன், கழுத்தில் மடிப்பு. போட்டுப் பார்த்தால் துரை கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான். கழற்ற மனம் வரவில்லை, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் காய்ச்சல்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்ச்சல் என்றால் பயணம் கிடையாது. தடை தாண்டும் போட்டி உனக்காகக் காத்திருக்காது. லாயக்காரத் தம்பி வேலிக்கு அப்பால் நின்று, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பாருங்கண்ணே, குறைஞ்சா அதை மட்டும் எழுதிக்குங்க, யாருக்குத் தெரியப்போகுது என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அதே விமானத்தில் வேறு குதிரைகளும் வருகின்றனவே. அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்களும் ராத்திரி தூக்கமில்லாமல்தானே இருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அங்கே உன் பயிற்சியாளர் சில வருஷம் தங்கிவிடச் சொல்கிறார், துரை வந்து சேர்ந்ததும் பதில் சொல்லப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். துரை வராவிட்டால் நீ திரும்பிவிடுவாய். இது நிஜக் காய்ச்சலாகவே இருந்துவிடட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து இந்தப் பயல் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான். எனக்கு வெட்கமாகிவிட்டது. தெர்மாமீட்டர் காட்டியதை அப்படியே எழுதிவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

வந்தவர் குதிரையைப் பார்க்குமுன் போர்வையைப் பார்த்தார். இந்தப் புழுக்கத்துல இதைப் போத்தினா உங்களுக்கும்தான் உடம்பு கொதிக்கும் என்று ஒரு பாட்டம் திட்டினார். கழற்றி, விசிறியைப் போட்டதும் மெல்ல இறங்கியது. அப்படியும் அவர் விடவில்லை. போர்வைதான் காரணம்னு நாம ரெண்டு பேரும் நம்பினா போதாது, ரத்தம் சொல்லணும் என்று மறுபடி ரத்தம் எடுத்தனுப்பினார். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. துரை மட்டும் ஒரு வேளை குறைக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் தகவல் வந்து, டாக்டரம்மா கையெழுத்துப் போட்டபோது, லாயக்காரத் தம்பி வேலிக்கு அப்பால் நின்றபடியே கைதட்டினான். போர்வையையும் அனுப்புகிறேன். அங்கே நல்ல குளிராக இருந்தால் மட்டும் போடு.

திரும்பி வருவதற்கான விதியையும் டாக்டரம்மாவிடம் நானாகவே கேட்டு வைத்தேன். குறித்த கெடுவுக்குள் வந்தால் துரை நம் ஊர்க் குதிரைதான், அதிகம் அலைக்கழிக்க மாட்டார்கள். கெடு தாண்டிவிட்டால் எங்கிருந்தோ வந்த புதுக் குதிரை என்றே கணக்காம். எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்.

அது குதிரைக்கு உள்ள விதி. நீ பயப்படாமல் ஓட்டு, ஜெயித்துக் காட்டு. அங்கே இருப்பதுதான் உனக்கு நல்லது என்று தோன்றினால் இரு. எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் இந்த வீட்டில் உன்னைப் புதுசு என்று யாரும் நிறுத்தி வைக்கப் போவதில்லை. ஆனாலும், முடிந்தால் கெடுவுக்குள் வந்துவிடேன்.

இப்படிக்கு,
உன் தையல்காரன்