கரண்டி மூக்குப் பறவையை நானும் பார்த்தேன்

என் பிரியமுள்ள மச்சான் சூசைக்கு,

எப்படி இருக்கிறாய்? முட்டிவலி அங்கேயும் வந்து தொல்லை கொடுக்கிறதா? நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோட்டுச்சேரிமேட்டில் உன் படகை உன் தம்பிதான் ஓட்டுகிறான். கிழிந்த வலையைக் கிழிசலோடே இறக்குகிறான். நீ இருந்தால் கடலே அதிரத் திட்டியிருப்பாய்.

இதை எழுதுவது உன் மகள் பிலோமினா. எனக்குக் கைநாட்டுதான் என்பது உனக்குத் தெரியும். நான் வாயால் சொல்ல, டீச்சர் ஆயிற்றே, திருத்தித் திருத்தி எழுதுகிறாள். உன் நினைவு நாளன்று மாதா கோயிலில் வாசிக்கப்போகிறாளாம். ஊரே கேட்கும். கேட்கட்டும், அதற்குத்தான் சொல்கிறேன்.

எமர்ஜென்சி காலத்துப் பங்குனி. பூவத்தில் அம்மனுக்குத் திருவிழா, நான் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. நான் எல்லை வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாய். அந்தச் சட்டை உன் கல்யாணத்துக்குத் தைத்தது. அதன் பித்தானைப் பற்றியே ஒரு கதை இருக்கிறது, வேறொரு நாள் சொல்கிறேன்.

"மச்சான், வா வா! இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல!"

"டேய், காப்பு கட்டியிருக்கேன்டா."

"உங்க ஆத்தா கண்ண மூடிக்கிடும். அஞ்சு நிமிஷம், வா."

வாய்க்காலைத் தாண்டினேன். ஏன் தாண்டினேன்? உன் முகம் அப்படி இருந்தது மச்சான். இருபது வருஷம் கடலுக்குப் போனவன் ஒன்றைப் பார்த்து மலைத்து நின்றால் அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றிச் சேறு மினுமினுத்தது. அதன் மேல் நூற்றுக்கணக்கில் உள்ளான் குருவிகள். வடக்கே கிளம்பும் காலம், தின்று தின்று உருண்டிருந்தன. நீ வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்தாய். நானும் படுத்தேன். நண்டு ஒன்று என் காதில் ஏறியது, தட்டிவிடவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே அது நடந்து வந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தலையும் கழுத்தும் செங்கல் நிறம். அலகின் முனை மட்டும் அகன்று, குழந்தைக்கு மருந்து புகட்டும் கரண்டி மாதிரி. அந்தக் கரண்டியால் சேற்றுத் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலசிக்கொண்டே நமக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. அதன் கண்ணில் வானம் தெரிந்தது. நீ மூச்சை அடக்கிக்கொண்டாய். எனக்குத் தீ மிதிக்கப் போகிற நினைப்பே இல்லை.

பிறகு என்ன கண்டதோ, மொத்தக் கூட்டமும் எழும்பியது. ஒரு திருப்பத்தில் எல்லாம் வெள்ளை, மறு திருப்பத்தில் எல்லாம் கறுப்பு. அத்தனை இறக்கைக்கும் ஒரே புத்தி. கடலோரமாக வடக்கே போய் மறைந்தது. நாம் இருவரும் ஒட்டிய சேற்றோடே நடந்து வந்தோம்.

மறுநாள் டீக்கடையில் நீ அந்தப் பறவையைப் பற்றி வாய் விட்டாய். கடையே சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏன் சூசை, அந்தக் கரண்டியால சாம்பார் ஊத்துச்சா, ரசம் ஊத்துச்சா?"

"கள்ளுக்கடை அந்தப் பக்கந்தானே இருக்கு!"

நீ என்னைப் பார்த்தாய். நான் டீ கிளாசுக்குள் பார்த்தேன்.

அந்த வாரம் ஊரில் மூன்று பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. காப்புக் கட்டியவன் எல்லை தாண்டினான் என்று தெரிந்தால் அத்தனையும் என் தலையில் விழும் என்று பயந்தேன். பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன. அப்புறமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ சாகிறவரை கரண்டி சூசை. தபால்காரர்கூட அப்படித்தானே கூப்பிட்டார்? ஒரு நாளாவது என்னைக் கேட்டாயா நீ?

போன வாரம் லூனா வண்டியில் ஒரு காலேஜ் சார் வந்தார், கழுத்தில் தூரக்கண்ணாடி. டீக்கடை பெஞ்சில் ஒரு புத்தகத்தை விரித்தார். அதில் அது இருந்தது மச்சான்! அதே செங்கல் தலை, அதே கரண்டி. ருஷ்யாவின் வடகோடிப் பனிக்காட்டில் குஞ்சு பொரித்து இவ்வளவு தூரம் வருகிறதாம். கோழிமுட்டை எடைகூட இருக்காதாம். நம் பக்கத்தில் அதைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாமாம். அன்று சிரித்தவர்கள் எல்லாரும் புத்தகத்தின் மேல் குனிந்தார்கள்.

கடைக்காரர்தான் மெதுவாக உன் பேரைச் சொன்னார். "அவர்கூட வேற யாராவது பாத்தாங்களா? அவங்க சொன்னா எழுதிக்குவேன்" என்று சார் நோட்டைத் திறந்தார். நான் அங்கேதான் இருந்தேன். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாம் தடவையும்.

இதைச் சொன்னதும் பிலோமினா பேனாவை நிறுத்திவிட்டாள். "தெரியும் மாமா. அப்பா எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாரு" என்கிறாள்.

"வேற யாருகிட்டயும் சொல்லலியா?"

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னாரு. மச்சான் பூவத்துல குடியிருக்கணும்ல, அப்படின்னாரு."

இத்தனை வருஷம் ஊர் சிரித்தது, நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே எனக்குக் காவல் இருந்திருக்கிறாய்.

சார் இன்றைக்கு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதே பெஞ்சில், அதே ஆட்கள் முன்னால் சொல்வேன். காப்போடு எல்லை தாண்டியதையும் சொல்வேன். அம்மன் கேட்டால் அவளிடமும் சொல்வேன். இனி வருகிற ஒவ்வொரு பங்குனியும் அந்தச் சேற்றில் உனக்காகவும் சேர்த்துப் படுத்து, அது வருகிறதா என்று

அப்பா, வெளியே லூனா சத்தம் கேட்டது. கடைக்காரர் "யோவ் கலியமூர்த்தி, சார் வந்துட்டாருய்யா!" என்று கூப்பிட்டார். மாமா செருப்புகூடப் போடாமல் போய்விட்டார். கைநாட்டு வாங்க முடியவில்லை. அவருக்காக நானே போடுகிறேன்:

உங்கள் மச்சான் கலியமூர்த்தி.